கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து

உட்காருங்க அக்கா, இடம் இருக்கு. அக்கான்னு கூப்பிடலாமில்லையா? உங்க கையில் அந்தக் கட்டைப் பையைப் பார்த்ததுமே நினைத்தேன். விருதுநகர் ஜவுளிக்கடைப் பேரை இந்த அமெரிக்க ஊர் பார்க்கில் வேறு யார் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறார்கள். தம்பி வீட்டுக்கு வந்திருக்கீங்களா? தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவமா? நல்லது. என்ன குழந்தை? நல்லது, நல்லது. நான் ரேணுகா. எங்களுக்கு ஒட்டன்சத்திரம்.

ஐயோ, என் பக்கத்தில் வேண்டாம். மேஜைக்கு எதிர்ப் பக்கம் உட்காருங்க. தப்பாக எடுத்துக்காதீங்க. அங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு நேரே டென்னிஸ் கோர்ட் தெரியும். எனக்கு அது முதுகுப் பக்கம். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். சொல்வதற்கு ஒரு ஆள் கிடைக்காதா என்றுதானே உட்கார்ந்திருக்கிறேன்.

நமக்குக் கிட்டே இருக்கிற கோர்ட்டில் இரண்டு பெண்கள் ஆடுகிறார்களா? நீலப் பாவாடை, இரட்டைப் பின்னல், அதுதான் என் மகள் சஹானா. பதினொரு வயசு. எப்படி இருக்கிறாள்? ஆட்டம் கிடக்கட்டும் அக்கா, முகம் எப்படி இருக்கு?

சிரிக்கவில்லையா. சரி. ஆடும்போது சிரிக்க மாட்டாள். ரொம்ப ஒழுக்கம். வீட்டிலும் அப்படித்தான், இருக்கிற இடமே தெரியாது. தோழிகள் எல்லாரும் சொல்வார்கள், உனக்கென்னப்பா, வாயே திறக்காத பிள்ளை என்று.

கோர்ட் எல்லாம் ஏன் காலி என்கிறீங்களா? நல்ல கேள்வி. எல்லாரும் கேட்கிற கேள்விதான். நாலு கோர்ட்டில் மூன்று காலி. புல்லு முளைக்காத குறை. அந்தாண்டை பாருங்க, எனக்கு நேர் எதிரே, சின்னச் சின்னக் கட்டமாக எட்டுக் கோர்ட். எவ்வளவு கூட்டம், எவ்வளவு சத்தம். அதற்குப் பேர் பிக்கிள்பால். ஊறுகாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நானும் முதலில் தேடிப் பார்த்துவிட்டேன். பூரிக்கட்டைப் பலகை மாதிரி ஒரு மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. அவ்வளவுதான். இந்தக் காலி கோர்ட்டில் இரண்டையும் வருகிற மாதம் அதற்கே கோடு போட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் பாருங்க, கையைக் கட்டிக்கொண்டு. வெள்ளைத் தொப்பி. அவர்தான். ஜெயபாலன். இங்கே எல்லாருக்கும் ஜே. ஆபீஸில் ஜே, பக்கத்து வீட்டில் ஜே. அமெரிக்காக்காரனுக்கு ஏன் டென்னிஸ் விட்டுப்போச்சு என்று அவரைக் கேட்டால் ராத்திரி வரைக்கும் சொல்வார். எனக்கு மனப்பாடம். பன்னிரண்டு வருஷமாக சாப்பாட்டு மேஜையில் அதுதானே.

முதல் காரணம், ஜெயிக்கிற ஆள் இல்லை. இந்த நாட்டு ஆம்பளை ஒருத்தன் பெரிய கோப்பை எடுத்து எத்தனையோ வருஷமாச்சாம். ஜெயிக்கிறவன் எல்லாம் வாயில் நுழையாத பேர்க்காரன், அவனுக்காக இவன் எதற்கு டிவி முன்னால் உட்காருவான் என்பார். பொம்பளைகள் ஜெயித்தார்களே என்று நான் ஒரு தடவை கேட்டேன். குறுக்கே பேசாதே ரேணு என்றார். அப்புறம், ஊர்ப் பேர் போட்ட சட்டை கிடையாது. ஃபுட்பால் என்றால் எங்க ஊர், உங்க ஊர் என்று முகத்தில் சாயம் பூசிக்கொண்டு கத்தலாம். இதில் யாருக்காகக் கத்துவது? கத்தவே கூடாது என்பது வேறு. அப்புறம் நேரக் கணக்கில்லை. ஒரு மேட்ச் ஒரு மணி நேரத்திலும் முடியும், அஞ்சு மணி நேரமும் ஓடும். டிவிக்காரன் விளம்பரத்தை எங்கே செருகுவான்? பெரிய போட்டி எல்லாம் கடல் தாண்டி நடக்கும், அங்கே பகல் என்றால் இங்கே அர்த்த ராத்திரி. அதையும் காசு கட்டுகிற சேனலில் கொண்டுபோய் வைத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் உயரமான பிள்ளையை எல்லாம் பாஸ்கெட்பால்காரன் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான். மிச்சம் இருக்கிறது பணக்காரப் பிள்ளை. பணக்காரப் பிள்ளைக்குப் பசி கிடையாது. இப்படியே போகும்.

போன வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு அவர் ஆபீஸ்காரர் ஒருத்தர் வீட்டில் விருந்து. வான்கோழி. எல்லாரும் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் எழுந்து நின்று ஆரம்பித்துவிட்டார், முதல் காரணம், இரண்டாவது காரணம் என்று. டிவியை மறைத்துக்கொண்டு வேறு நிற்கிறார். அந்த வீட்டுக்காரர் சொன்னார், "ஜே, எங்க நாட்டு டென்னிஸுக்காக ராத்திரி தூங்காமல் இருக்கிறது நீ ஒருத்தன்தான்." எல்லாரும் சிரித்தார்கள். காரில் வரும்போது இவர் சொல்கிறார், "பாத்தியா ரேணு, கடைசியில ஒத்துக்கிட்டாங்க."

சிரிக்காதீங்க அக்கா. பாவம் அவர். அவங்க அப்பா ஈரோட்டில் ஒரு கிளப்பில் கிளார்க். சாயங்காலம் இவர் போய் பந்து பொறுக்கிப் போடுவார். டாக்டர், வக்கீல், மில் முதலாளி எல்லாம் ஆடுவார்கள். இவர் ஓடி ஓடிப் பொறுக்கணும். ஒரு நாளாவது மட்டையைத் தொட விட்டிருக்கிறார்களா? இல்லை. சஹானா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் என்ன பார்த்தார் தெரியுமா? கையை விரித்துப் பார்த்தார். நீளமான விரல் என்றார். நான் பியானோவுக்கு என்று நினைத்தேன்.

இப்போ எப்படி ஆடுகிறாள்? அந்தப் பெண் போட்ட பந்து வெளியே விழுந்ததா? அப்போ சஹானாவுக்குப் பாயிண்ட். இவள் கையை எப்படிக் காட்டினாள்? விரலை மேலே தூக்கினாளா, இல்லை உள்ளங்கையைத் தரைப் பக்கமாக விரித்தாளா?

உள்ளங்கையை விரித்தாளா. அப்படியென்றால் பந்து உள்ளே என்று அர்த்தம் அக்கா. விரலைத் தூக்கினால் வெளியே. உங்களுக்குத் தூரத்திலிருந்து சரியாகத் தெரிந்திருக்காது. கோடு வெள்ளை, வெயில் வேறு.

அதுதான் இந்த ஆட்டத்தில் விசேஷம். பிள்ளைகள் ஆடும்போது நடுவர் கிடையாது. என் பக்கம் விழுகிற பந்தை நான்தான் சொல்லணும், உள்ளேயா வெளியேயா என்று. சந்தேகமாக இருந்தால் எதிராளிக்கு விட்டுக்கொடுக்கணும், அது சட்டம். இதைக் கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. எங்க கான்வென்ட் சிஸ்டர் ஃபிலோமின் இருந்திருந்தால் இதைத்தான் ஆட்டம் என்று சொல்லியிருப்பார். யாரும் பார்க்காதபோதும் உண்மை சொல்கிறவள்தான் என் பிள்ளை என்பார். நான் சஹானாவுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். சந்தேகம் என்றால் கொடுத்துவிடு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அது பிடிக்காது. சந்தேகம் என்றால் நல்லாப் பாரு என்பார்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கான்வென்டில் படித்தேன். ஹாஸ்டல். அப்பாவுக்குக் காய்கறி மண்டி, விடியும் முன்னே போய்விடுவார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பத்து வயசில் கொண்டுபோய் விட்டார்கள். நாங்கள் இந்துதான், ஆனாலும் எனக்கு பயம் வந்தால் முருகா என்று வராது, ஹெய்ல் மேரிதான் வரும், அந்த மாதா ஜெபம். பழக்கம். ராத்திரி மணி அடித்தபிறகு யாரும் பேசக் கூடாது. போர்வைக்குள்ளே விரல் கணுவைக் கட்டைவிரலால் எண்ணிக்கொண்டே பத்து ஹெய்ல் மேரி. மறுபடி பத்து. பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு என்ன ஆகிவிட்டது? நல்லாத்தானே இருக்கிறேன். முதல் வருஷம் மட்டும் பேச்சு கொஞ்சம் குறைந்துபோச்சு என்று அம்மா சொல்வார், அவ்வளவுதான்.

ஏன் ஹாஸ்டல் பேச்சு என்றால் விஷயம் இருக்கு. அங்கே நெட்டுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு தாடிக்காரர் தெரிகிறாரா? மடியில் அட்டை வைத்துக்கொண்டு? அவர் ஃப்ளோரிடாவில் ஒரு டென்னிஸ் அகாடமியின் கோச். இந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிறார். இன்றைக்கு இந்த இரண்டு பெண்களை ஆட விட்டிருக்கிறார். ஜெயிக்கிற பெண்ணை எடுத்துக்கொள்வாராம். ஆகஸ்டில் போகணும். அங்கேயே தங்கல், அங்கேயே படிப்பு, காலையும் மாலையும் ஆட்டம். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு விடுவார்களாம்.

எனக்குச் சந்தோஷம்தான். ஏன் கேட்கறீங்க? சந்தோஷம்தான் அக்கா. எவ்வளவு பேருக்குக் கிடைக்கும் இது. காலையில் அவளுக்குப் பின்னலை இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டேன், சந்தோஷத்தில்கூடக் கை தவறுமில்லையா. அவளைக் கேட்டேன், "பாப்பா, போக ஆசைதானே?" என்று. "அப்பாவுக்கு ஆசைதானேம்மா" என்றாள். எவ்வளவு பொறுப்பு பாருங்க. இந்த வயசில் நமக்கு அப்பாவின் ஆசை என்ன என்று தெரிந்திருக்குமா.

மறுபடியுமா? மறுபடியும் உள்ளங்கையா? எவ்வளவு தள்ளி விழுந்தது? ஒரு சாண் இருக்குமா? இருக்காது அக்கா. அவள் கண் ரொம்பக் கூர்மை. சாம்பாரில் கொத்தமல்லிக் காம்பு கிடந்தால்கூடக் கண்டுபிடித்து எடுத்து வைப்பாள். வெயில்தான். நீங்க கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு பாருங்க.

நான் ஏன் திரும்பக் கூடாது என்று கேட்டீங்களே. அது ஏப்ரலில் நடந்தது.

பக்கத்து ஊரில் ஒரு போட்டி. பெற்றோர் எல்லாம் வேலிக்கு வெளியே உட்காரணும், வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளைக்குச் சைகை காட்டினால் தப்பு, முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை பாயிண்டைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்கு அது கஷ்டமே இல்லை. மணி அடித்தபிறகு பேசாமல் இருந்து பழகியவள்தானே. நான் உட்கார்ந்து மனதுக்குள் என் ஹெய்ல் மேரியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உதடு லேசாக அசையும் போலிருக்கு. கட்டைவிரல் பாட்டுக்குக் கணுக் கணுவாகப் போகும். சுண்டுவிரல், மோதிரவிரல், அப்படியே.

எதிர்ப் பெண்ணின் அப்பா பிராட் என்று ஒரு ஆள், நல்ல வாட்டசாட்டம். அவர் என் கையையே பார்த்திருக்கிறார். எழுந்து போய் அதிகாரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அந்த லேடி தன் பொண்ணுக்குக் ரகசியச் சைகையில சொல்லிக் கொடுக்கறா. விரலைப் பாருங்க. சுண்டுவிரல்னா பேக்ஹேண்ட், புறங்கையால அடின்னு அர்த்தம்" என்கிறார். அவராகவே ஒரு அகராதி எழுதிவிட்டார் அக்கா.

அந்த அதிகாரி அம்மா குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டார், "மேடம், என்ன எண்ணுறீங்க?" என்று. ஜெபம் என்று சொல்லலாம். ஆனால் எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார். பன்னிரண்டு வருஷத்தில் நான் ஹெய்ல் மேரி சொல்வது அவருக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு ஜெபம் பண்ணினாள் என்று தெரிந்தால், திறமை மேல் நம்பிக்கை இல்லையா என்பார். "மளிகை சாமான்" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை, வரும் வழியில் துவரம்பருப்பு வாங்க வேண்டியிருந்தது.

எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டேன். ஆனால் சஹானா பயந்துவிட்டாள். ஒவ்வொரு பந்துக்கும் என் முகத்தைப் பார்க்கிறாள். உள்ளேயாம்மா, வெளியேயாம்மா என்று வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்கிறாள். நான் என்ன செய்வேன்? முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். என்னையறியாமல் கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது போலிருக்கு. பிராட் கத்தினார். பாயிண்டைப் பிடுங்கினார்கள். அதோடு ஆட்டம் போச்சு.

காரில் எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை அக்கா, கையை ஓங்குகிற ஆள் இல்லை, அதெல்லாம் சத்தியமாக இல்லை. பேசமாட்டார். பேசமாட்டார் என்றால் வாரக்கணக்கில் பேசமாட்டார். உப்பு வேண்டுமென்றால் எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். பாப்பாவும் பேசமாட்டாள். நானும் யாரிடம் பேசுவது? எங்க வீட்டில் பாத்திரச் சத்தம்தான். அப்புறம் ஒருநாள் அவராகவே சொன்னார், "ரேணு, இனிமே நீ வந்தா முதுகு காட்டி உக்காரு. உன் மூஞ்சிதான் அவளைக் கெடுக்குது."

நியாயம்தானே? அவள் என் முகத்தைப் பார்த்துத்தானே குழம்புகிறாள். அன்றையிலிருந்து இப்படித்தான். பயிற்சிக்கும் வருவேன், முதுகைக் காட்டி இந்த மேஜையில் உட்காருவேன், எதிரே இந்த ஊறுகாய் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏப்ரலுக்கு அப்புறம் என் பெண் டென்னிஸில் ஒரு பந்து அடிப்பதை நான் பார்க்கவில்லை அக்கா. சத்தம் மட்டும் கேட்கும். சத்தத்தை வைத்தே தெரியும், நல்ல அடி என்றால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி இருக்கும். இன்றைக்கு ஏனோ அந்தச் சத்தம் வரவேயில்லை.

அதோ அந்த அம்மாவைப் பாருங்க, இல்லை, நீங்க திரும்பாதீங்க, நீங்க கோர்ட்டையே பாருங்க. நான் சொல்கிறேன். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஒரு அம்மா பிக்கிள்பால் ஆடுகிறார். எழுபதுக்கு மேலே. பெட்டி என்று பேர். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கத்தல். தப்பாக அடித்தால் இன்னும் பெரிய கத்தல். ஜூன் மாதம் ஒருநாள் இவர் ஆபீஸில் மாட்டிக்கொண்டு வரத் தாமதம். பெட்டி கூட்டத்தில் நாலாவது ஆள் இல்லை. "ஏய் நீலப் பாவாடை, வர்றியா?" என்று சஹானாவைக் கூப்பிட்டார். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போனாள்.

என்ன சொல்வது. பல் தெரியச் சிரித்தாள் அக்கா. கடைவாய்ப் பல் விழுந்து புதுப் பல் முளைத்திருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்தினாள். "பெட்டி, அது என்னோடது, என்னோடது!" என்று கத்தினாள். எங்க ஹாஸ்டலில் சாயங்காலம் டென்னிகாய்ட் ஆடுவோம், ரப்பர் வளையம், உங்களுக்குத் தெரியும்தானே. அந்த ஒரு மணி நேரம்தான் சிஸ்டர்கள் எங்களைக் கத்த விடுவார்கள். தொண்டை கிழியக் கத்துவோம். அது ஞாபகம் வந்தது.

அவர் வந்தார். பார்த்தார். "மணிக்கட்டு கெட்டுப்போகும்" என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பயிற்சி அந்தக் கடைசிக் கோர்ட்டில். சரிதானே, அது டைம் பாஸ். இலக்கு கிடையாது. பெட்டிக்குத்தான் புரியவில்லை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என் பார்ட்னர் எங்கே?" என்பார். பிஸி என்பேன்.

நீங்களே சொல்லுங்க, அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அவருடைய காரணம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை எனக்கு. கோப்பை இல்லை, டிவி இல்லை, சேனல் இல்லை என்று என்னென்னவோ சொல்கிறார். அங்கே பக்கத்துக் கட்டத்திலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்கள். நாய் உள்ளே ஓடுகிறது. தப்பு செய்தவளைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள். இங்கே அவ்வளவு பெரிய கட்டத்தில் ஒற்றை ஆள். தாகம் என்றால் சொல்லக் கூடாது. பெற்ற தாய் வேலிக்கு வெளியே. இதைப் போய் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நான் டென்னிஸைச் சொல்கிறேன் அக்கா. ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

என்ன ஆச்சு? இப்போது யார் முன்னால் இருக்கிறார்கள்? பலகையில் எண் மாட்டியிருக்கும் பாருங்க, வேலியில். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கா? அந்தப் பெண்ணுக்கா ஒன்று அதிகம்? அப்படியென்றால் இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். அந்தப் பெண் இதை எடுத்தால் முடிந்தது. சஹானா எடுத்தால் இன்னும் ஓடும்.

எத்தனை தடவை உள்ளங்கை காட்டினாள் என்று சொன்னீங்க? எல்லாமே வெளியே விழுந்ததா? உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? ஒரு சாண், ஒரு முழம் என்றால் அதில் சந்தேகம் என்ன இருக்கு. சந்தேகம் இருந்தால்தானே விட்டுக்கொடுக்கணும். நான் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தேன்.

இருங்க. நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

அவள் கண் சரியில்லையோ? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணுமோ? கொத்தமல்லிக் காம்பு அவளுக்குத் தெரியுமே. நேற்றுகூட எடுத்து வைத்தாளே.

அக்கா, அவள் போக விரும்பவில்லையா?

இல்லை, நீங்க சொல்லவில்லை. நீங்க ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.

பந்து போட்டாச்சா? சத்தம் கேட்டது. மறுபடி. மறுபடி. இது சஹானாவுடைய அடி, இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அடுத்தது அந்தப் பெண்ணுடையது. ஏன் நின்றுபோச்சு? எங்கே விழுந்தது? நம்ம பாப்பா பக்கத்துக் கோட்டுக்கிட்டேயா? எவ்வளவு தள்ளி?

அவ்வளவு தள்ளியா. அப்போ யாருக்கும் தெரியுமே. தாடிக்காரர் பார்த்தாரா? ஃபோனைப் பார்க்கிறாரா. அவர்? எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து வேலியில், அங்கிருந்து இந்தக் கோடு தெரியாது. கை? கையைக் காட்டினாளா?

காட்டவில்லையா. சும்மா நிற்கிறாளா. யாரைப் பார்க்கிறாள்?

என்னையா?

என் முதுகையா பார்க்கிறாள்?

நான் திரும்பக் கூடாது அக்கா. சொல்லியிருக்கிறார். இந்த ஒரு நாள், இன்றைக்கு மட்டுமாவது கெடுத்துவிடாதே என்று கிளம்பும்போதுகூடச் சொன்னார். இன்னும் பார்க்கிறாளா? உதடு ஏதாவது அசைகிறதா?

ஹெய்ல் மேரி வரமாட்டேன் என்கிறது. பாதியில் நின்றுபோச்சு.

...

எவ்வளவு உயரமாகிவிட்டாள் அக்கா. மூன்று மாதத்தில். பாவாடை குட்டையாகிவிட்டது. முகம் எல்லாம் வேர்வை. அதோ பந்து, கோட்டுக்கு வெளியே, ஆமாம், குழந்தைக்குக்கூடத் தெரியும்.

என்னையே பார்க்கிறாள். ஏப்ரலில் பார்த்த அதே பார்வை. உள்ளேயாம்மா, வெளியேயாம்மா.

இப்படித்தானே? உள்ளங்கையைத் தரைப் பக்கமாக. மேஜைக்கு மேலே வைத்தால் அவளுக்குத் தெரியுமா? இன்னும் கொஞ்சம் தூக்குகிறேன். இப்போ தெரிகிறதா பாப்பா?

பார்த்துவிட்டாள். அவளும் கையை விரித்துவிட்டாள். நீங்க பார்த்தீங்களா, அப்படியே என் கை மாதிரியே. அந்தப் பெண் குதிக்கிறாள். குதிக்கட்டும், நல்ல பெண், ஜெயித்தாள். சஹானா நெட்டுக்குப் போகிறாள், கை கொடுக்கிறாள். பின்னல் ஒன்று அவிழ்ந்துவிட்டது, போகட்டும்.

அவர் வருகிறார். வேலியைச் சுற்றி வருகிறார், வேகமாக. நீங்க எழுந்துபோய்விடாதீங்க அக்கா, என் கூட உட்காருங்க, இந்தப் பக்கமே வந்துவிடுங்க. குழந்தையைப் பார்க்கணுமா, கொஞ்ச நேரம் கழித்துப் போகலாம், உங்க தம்பி இருக்கிறார்தானே.

என்னங்க?

இல்லீங்க, பதறாதீங்க. உட்காருங்க. இவங்க விருதுநகர், தம்பி வீட்டுக்கு வந்திருக்காங்க.

ஆமாங்க, திரும்பினேன். திரும்பித்தான் பார்த்தேன்.

கடைசிப் பந்தா? கோச்சுக்கிட்ட போய் எதுக்குக் கேக்கணும்? அவரு ஃபோனைப் பாத்துக்கிட்டிருந்தாரு. நீங்க அந்தக் கோடியில நின்னீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும். எனக்குத்தான் கிட்ட. நான் பார்த்தேங்க. பாப்பா சரியாத்தான் சொன்னா.

உள்ளேதான் விழுந்தது. கோட்டுக்கு நல்லா உள்ளே.

அக்கா, நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. சொல்லுங்க இவர்கிட்ட. உள்ளேதானே?